கற்பூரம் தங்கிய அறை

திரையில் ஒரு பச்சைக் கோடு ஊர்ந்துகொண்டிருந்தது. தரையோடு தரையாக, தூங்குகிறவரின் மூச்சு மாதிரி. கடைசி வரை அது அப்படியே போய்விட வேண்டும். ஒன்றுமே இல்லை என்று சொல்வதற்கான கோடு அது.

பாதி வழியில் எழுந்தது. சின்ன மேடு. ஏறி, ஒரு கணம் நின்று, இறங்கி, மறுபடி தரையில் படுத்துக்கொண்டது.

"மறுபடியும் வந்துருச்சுங்க," என்றார் மல்லிகா மேடம்.

நானும் காதரும் அவருக்குப் பின்னால் வெறுங்காலோடு நின்றிருந்தோம். அந்த அறைக்குள் செருப்பு போடக் கூடாது. ஏசி குளிர் மொசைக் தரை வழியாக ஏறி முழங்காலில் வந்து உட்காரும். வெளியே ஐப்பசி வெயில். கம்பெனி வேன் ஒன்று ஹாரன் அடித்துவிட்டுப் போனது. உள்ளே பம்பின் ரீங்காரம் மட்டும்.

அது அரசாங்கத்தின் துணிப் பரிசோதனைக் கூடம். மேடம் அதன் தலைமை வேதியியலாளர், சேவூர்ப் பக்கத்துக்காரர். காதர் என் கூட்டாளி. நாங்கள் இருவர் மட்டும்தான் எங்கள் கம்பெனி. அந்த இயந்திரத்தைப் பராமரிக்கும் ஒப்பந்தம் எங்களிடம் இருந்தது. இருக்குமா என்பதுதான் அந்த மேட்டின் கேள்வி.

மூக்குள்ள இயந்திரம்

அருள்புரத்தில் பின்னலாடை இயந்திரங்களுக்கு ஊசி மாற்றித் திரிந்த நாட்களைப் போன வாரம் எழுதியிருந்தேன். அங்கிருந்து ஆய்வுக்கூடத்துக்கு எப்படிப் போனீர்கள் என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். காதர்தான் காரணம். சர்க்யூட் போர்டுகளைக் கைரேகை மாதிரி படிக்கிறவர் அவர். சாயப்பட்டறை ஒன்றில் நிறம் அளக்கும் கருவி செத்துக் கிடந்தபோது இருவரும் சேர்ந்து எழுப்பினோம். அதற்கப்புறம் நூலும் எண்ணெயுமாக இருந்த என் விரல்கள் கண்ணாடியையும் வாயுவையும் தொடப் பழகின.

அந்த இயந்திரத்தை நாங்கள் ஜி.சி. என்போம். முழுப் பெயர் நீளம். ஒரு சின்ன பிரிட்ஜ் அளவு இருக்கும். அதன் வேலை ஒன்றே ஒன்று: முகர்வது.

குழந்தைச் சட்டைக்கான துணி வரும். அதிலுள்ள சாயத்தைக் கரைத்து, வடித்து, ஒரு துளியை உள்ளே செலுத்தினால், தலைமுடியை விட மெல்லிய நீண்ட குழாய்க்குள் அது ஆவியாக நடந்துபோகும். சாயத்துக்குள் தடை செய்யப்பட்ட நஞ்சு ஏதாவது ஒளிந்திருந்தால் வழியில் பிரிந்து, தனியாக வெளியே வந்து, திரையில் ஒரு மேடாக எழும். எழாவிட்டால் சான்றிதழ். அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் பெட்டிகள் கப்பலேறும்.

முகர்வதற்கு முன்னால் மூக்கு சுத்தமா என்று பார்க்க வேண்டும். அதற்குத் துணியே இல்லாமல் வெறும் கரைப்பான் திரவத்தை மட்டும் அனுப்புவோம். பிளாங்க் என்று பெயர். பிளாங்கில் மேடு வந்தால் இயந்திரம் கனவு காண்கிறது என்று அர்த்தம். இல்லாததை இருப்பதாகச் சொல்கிறது.

இந்த மேடு தடை செய்யப்பட்ட ஒரு பொருளின் இடத்துக்குத் தோளோடு தோள் உரசி நின்றது. இப்படி இருக்க எந்தத் துணிக்கும் கையெழுத்துப் போட முடியாது. சின்னச் சின்ன கவர்களில் துணித்துண்டுகள் அலமாரியில் காத்துக்கிடந்தன. மேடத்தின் போன் அடித்துக்கொண்டே இருந்தது.

ஒரு கைப்பிடி வெறுமை

அந்த இயந்திரத்தின் நெஞ்சுக்குள் காற்றே இல்லாத ஓர் இடம் உண்டு. பம்ப் ராப்பகலாக உறிஞ்சி உறிஞ்சி உண்டாக்கி வைத்திருக்கிற சூனியம். கரண்ட் போனாலும் பம்ப் நிற்கக் கூடாது. நின்றால் வெளிக்காற்று புகுந்து, பழைய நிலைக்குக் கொண்டுவர நாள்கணக்காகும்.

யோசித்துப் பார்த்தால், அரசாங்கம் எங்களோடு போட்டிருந்த ஒப்பந்தம் ஒரு கைப்பிடி வெறுமையைக் காப்பாற்றுவதற்கு. முத்திரையோடும் சாட்சிக் கையெழுத்தோடும்.

ஏ.எம்.சி. என்று சொல்லப்படும் அந்த வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் டெண்டர் வழியாகத்தான் வரும். குறைந்த விலை கேட்டவருக்கு வேலை. இயந்திரத்தை விற்ற பெரிய நிறுவனத்தின் சென்னை ஏஜென்ட்டும் எங்களோடு போட்டியிட்டார். அவர்கள் டை கட்டிக்கொண்டு வந்தார்கள். நாங்கள் ஸ்கூட்டரில் போனோம். விலையில் நாங்கள் கீழே இருந்தோம், எங்களுக்குக் கிடைத்தது. "ரெண்டு பேர், ஒரு பை, இவங்களை நம்பி இவ்வளவு பெரிய மெஷினா?" என்று யாரோ தலைமையகத்தில் கேட்டார்களாம். மேடம்தான் எங்கள் பழைய வேலைகளைக் காட்டிப் பேசியிருக்கிறார்.

ஒப்பந்தத்தில் ஒரு விதி. இயந்திரம் தன் கோளாறால் நின்றாலும், எதனால் என்று தெரியாமல் நின்றாலும், பொறுப்பு பராமரிக்கிறவருடையது. கூடத்தின் தவறு என்றால் மட்டும் விலக்கு. அதையும் கூடத்தின் தலைவரே, அதாவது மேடமே, ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஒப்பந்தம் ரத்து, பிளாக்லிஸ்ட். அந்தக் கறுப்புப் பட்டியலில் பெயர் ஏறினால் அப்புறம் எந்த அரசுக் கூடத்தின் படியையும் மிதிக்க முடியாது. எங்களுக்கு இருந்த வேலை எல்லாமே அரசுக் கூடங்களில்தான்.

ஊர் அமைதியாகும் நாள்

திருப்பூரைச் சத்தமில்லாமல் பார்க்க ஆயுத பூஜைக்குத்தான் வர வேண்டும்.

முந்தின நாள் சாயங்காலம் வரை ஊர் தறிகெட்டு ஓடும். கம்பெனி வேன்களின் நெற்றியில் வாழைக்கன்று கட்டுவார்கள். பின்னல் இயந்திரங்களின் பஞ்சையும் எண்ணெயையும் துடைத்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று பட்டை விபூதி, நடுவில் குங்குமம். தையல் மெஷின்கள் வரிசையாகப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பொரி, கடலை, ஸ்வீட் பாக்ஸ். பீகார்ப் பையன்கள் ஆர்த்தித் தட்டைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொள்வார்கள். தூத்துக்குடி, திருநெல்வேலிக்காரர்கள் பையைத் தூக்கிக்கொண்டு ரயிலுக்கு ஓடுவார்கள்.

அப்புறம் ஒரு கணத்தில் எல்லா இயந்திரமும் நிற்கும். வருசம் பூராவும் காதுக்குள் இருந்த இரைச்சல் இறங்கிப்போகும். அப்போதுதான் ஊரில் குருவிகள் இருப்பது தெரியும். சாலையெங்கும் உடைத்த பூசணிக்காயின் குங்குமச் சதை. காற்று முழுக்கக் கற்பூரம்.

இப்படிப்பட்ட ஊரில், இருப்பதிலேயே விலை உயர்ந்த இயந்திரத்துக்கு மட்டும் பூஜை இல்லாமல் விடுவது எப்படி? கூடத்தில் வேலை செய்தவர்களுக்கு மனசு கேட்கவில்லை. மேடத்துக்கும் கேட்கவில்லை என்பது எங்களுக்கு அப்போது தெரியாது.

பெயர் சொன்ன இயந்திரம்

பூஜை விடுமுறை முடிந்து மேடு தெரிந்த முதல் நாளிலிருந்து நாங்கள் மாற்றாத பாகம் இல்லை. ஊசி நுழையும் ரப்பரை மாற்றினோம். கண்ணாடிக் குழலை மாற்றினோம். அந்த மயிர்க்குழாயையே மாற்றினோம். வாயு சிலிண்டரை மாற்றினோம். மேடு அசையவில்லை. காதர் சாப்பாட்டை மறந்தார். நான் பஸ்ஸில் போகும்போது வானத்துக்கும் கட்டடங்களுக்கும் நடுவில் கோடு பார்க்க ஆரம்பித்தேன். தூரத்து ஊதியூர் மலைகூட எனக்கு ஒரு மேடாகத் தெரிந்தது.

கடைசியில் காதர்தான் சொன்னார். தினசரி ஓட்டத்தில் இயந்திரம் தடைப்பட்டியலில் இருக்கிற பொருள்களை மட்டும்தான் தேடுகிறது. தேடாமல் சும்மா எல்லாவற்றையும் முகர்ந்து பார்க்க விடலாம்.

"எதைத் தேடறதுன்னு சொல்லாம உடுங்க. அதுவா என்ன சொல்லுதுன்னு பாப்போம்," என்றார்.

விட்டோம். மேடு வந்தது. இயந்திரம் தன் நினைவில் இருந்த ஆயிரமாயிரம் வாசனைகளோடு அதை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, திரையின் ஓரத்தில் ஒரே ஒரு சொல்லை எழுதியது.

கற்பூரம்.

காதர் என்னைப் பார்த்தார். நான் மேடத்தைப் பார்த்தேன். அவர் நாற்காலியை மெதுவாகப் பின்னுக்குத் தள்ளினார்.

"அது எரிஞ்சு போச்சுங்களே," என்றார். எங்களிடம் சொன்ன மாதிரி இல்லை.

பிறகு நடந்ததைச் சொன்னார். பூஜைக்கு முந்தின நாள் ஊழியர்கள் வந்து கேட்டிருக்கிறார்கள். மேடம் ஒவ்வொன்றாகத் தள்ளியிருக்கிறார். விபூதி வேண்டாம், தூள். குங்குமம் வேண்டாம், அதிலேயே சாயம். பூ வேண்டாம், எலுமிச்சை வேண்டாம், ஊதுபத்தி வேண்டவே வேண்டாம். கரைப்பான் பாட்டில்களை எல்லாம் வெளியே எடுத்து வைத்துவிட்டு, ஒரு தட்டில் கற்பூரம் மட்டும். ஏற்றி, ஒரு சுற்று காட்டி, உடனே வெளியே.

சாம்பல் வைக்காத பொருள். எரிந்தால் சுவடில்லாமல் போகிற பொருள் என்று சொல்லிச் சொல்லித்தானே வளர்ந்தோம். வேதியியலில் பட்டம் வாங்கிய பிறகும் மேடத்துக்கு அந்த நினைப்பு மாறவில்லை. நான் அங்கே இருந்திருந்தாலும் கற்பூரத்துக்குத்தான் கை காட்டியிருப்பேன்.

ஆனால் ஒரு நிமிடச் சுடர் இத்தனை நாள் தங்குமா? காதர் அறையில் இருந்ததை எல்லாம் ஒவ்வொன்றாகத் துழாவினார். அலமாரி, பெஞ்ச், ஏசி. கடைசியாக, சோதனைக்கான குட்டிக் கண்ணாடிக் குப்பிகள் வைக்கிற டிராயரை முழுசாக வெளியே இழுத்து, தலையை உள்ளே விட்டார். தும்மினார்.

டிராயரின் பின்மூலையில் ஒரு பிளாஸ்டிக் கவர். கற்பூர வில்லைகள் வாங்கிய கவர். கட்டியிருந்த ரப்பர் பேண்ட் அப்படியே இருந்தது. உள்ளே ஒரு வில்லைகூட இல்லை. யாரும் எடுக்கவில்லை. அதுவாகவே கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றில் இறங்கி, வாய் திறந்து வரிசையாக நின்ற குப்பிகளுக்குள் போய் உட்கார்ந்திருந்தது. நாங்கள் எதை ஊற்றினாலும் அதோடு சேர்ந்து இயந்திரத்துக்குள் போனது. இயந்திரத்தில் எல்லாவற்றையும் மாற்றிய நாங்கள் அந்தக் குப்பிகளை மட்டும் மாற்றவில்லை. அறையிலேயே சுத்தமான பொருள் அவைதான் என்பதால்.

வாசலில் ஜெபமணி நின்றிருந்தாள். ஒப்பந்த ஊழியர், தூத்துக்குடிப் பக்கம். குப்பிகளைக் கழுவிக் காயவைத்து அடுக்குவது அவள் வேலை. கவரைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"நாந்தான் சார் வச்சேன். மீந்து கிடந்தது. குப்பையில போட மனசு வரல. நமக்குச் சாமி வேற, ஆனாலும் சாமி சாமானில்லா? சுத்தமான எடமாப் பாத்து வச்சேன்."

யாரும் அவளைத் திட்டவில்லை. என்ன சொல்லித் திட்டுவது?

காத்திருந்த நாட்கள்

புதுக் குப்பி ஒன்றை எடுத்து ஓட்டிப் பார்த்திருந்தால் அன்றைக்கே எல்லாம் தெளிந்திருக்கும். குப்பிப் பெட்டியைப் பிரிப்பதற்குள் தலைமையகத்திலிருந்து உத்தரவு வந்துவிட்டது. கோளாறு நீடிப்பதால் குழு ஒன்று நேரில் வரும். அதுவரை இயந்திரத்தை யாரும் தொடக் கூடாது. ஒப்பந்தத்தைத் தொடர்வதா ரத்து செய்வதா என்று அங்கேயே முடிவாகும்.

எங்கள் கையில் இருந்தவை ஒரு காலிக் கவரும், இயந்திரம் சொன்ன ஒரு சொல்லும். மற்றதெல்லாம் மேடத்தின் வாயில்.

அவர் வாய் திறந்தால் அவருக்கு என்ன ஆகும் என்பதும் தெரிந்திருந்தது. வாயு சிலிண்டர் நிற்கிற அறையில் நெருப்பு ஏற்றுவது தவறு. சர்வீஸ் புத்தகத்தில் கறை விழும். பதவி உயர்வுக்கு அவர் பெயர் மேலே போயிருந்த நேரம் அது. 'காரணம் தெரியவில்லை' என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும், அவருக்கு ஒன்றும் ஆகாது. எங்களுக்குத்தான் ஆகும்.

பல்லடம் சாலை பேக்கரியில் டீ ஆறிக்கொண்டிருந்தது. மேடத்திடம் நீங்கள் பேசுங்கள் என்றேன். நீங்கதானுங்க எழுதறவரு, வார்த்தை உங்ககிட்டத்தான் இருக்குது, நீங்களே பேசுங்க என்றார் காதர். பப்ஸைப் பிய்த்துப் பிய்த்து தட்டில் வைத்தோம். கடைசியில் இருவரும் பேசவில்லை. எங்களுக்காக ஒருமுறை பேசியவரிடம் போய், உங்களைக் கெடுத்துக்கொண்டு எங்களைக் காப்பாற்றுங்கள் என்று எந்த முகத்தோடு கேட்பது?

அந்த நாட்களில் எனக்குத் தூக்கம் மெலிந்திருந்தது. கண்ணை மூடினால் ஒரு வெள்ளை வில்லை ஓரங்களிலிருந்து கரைந்துகொண்டே வரும். எங்கே போகிறாய் என்று கேட்பேன். எங்கேயும் போகவில்லை என்கிற மாதிரி அது சிறிதாகிக்கொண்டே இருக்கும்.

குழு

சென்னையிலிருந்து வந்த இணை இயக்குநர் உயரமானவர், மெல்லிய குரல். கூட வந்த இருவர் எழுதிக்கொண்டார்கள். எங்களை மேசையின் ஓரத்தில் உட்கார வைத்தார்கள். ஜெபமணி தண்ணீர் பாட்டில்களை வைத்துவிட்டுக் கதவருகில் நின்றாள்.

மாற்றிய பாகங்களை எல்லாம் நான் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். அப்படியானால் காரணம் இன்னும் தெரியவில்லை, அப்படித்தானே என்று கேட்டுவிட்டு, பேனா மூடியைத் திறந்தார்.

"தெரியுங்க சார்," என்றார் மேடம். "கற்பூரமுங்க." பூஜையில் ஏற்றியதையும், மீந்தது டிராயரில் கிடந்ததையும் சொன்னார்.

இணை இயக்குநர் நிமிர்ந்தார். "யார் ஏத்தினது?"

"நான்தாங்க."

"மீதியை டிராயர்ல வைக்கச் சொன்னது?"

மேடம் கதவுப் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமல் இருக்க அவர் கழுத்து பட்ட பாடு எனக்குத் தெரிந்தது.

"அதும் நான்தாங்க."

"நீங்க ஒரு கெமிஸ்ட்," என்றார் இணை இயக்குநர். கோபமாக அல்ல, புரியாமல்.

"கெமிஸ்ட்டாத்தாங்க சார் யோசிச்சேன். எது அழுக்கு, எது தூள், எது சாயம்னு ஒவ்வொண்ணாத் தள்ளீட்டு, எது ஒண்ணுமே உட்டுட்டுப் போகாதோ அதை வெச்சனுங்க. அதுதான் இருந்துக்கிச்சு."

இணை இயக்குநர் எழுந்தார். அறையைப் பார்க்க வேண்டும் என்றார். ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, சாக்ஸோடு மொசைக்கில் மெதுவாக நடந்து போய் இயந்திரத்தின் முன்னால் நின்றார். மூச்சை இழுத்தார். மறுபடி இழுத்தார்.

"வாசனை ஒண்ணும் தெரியலையே?"

"நமக்குத் தெரியாதுங்க சார்," என்றார் மேடம். "அதுக்குத் தெரியுது."

அவர் குனிந்து திரையைப் பார்த்தார். தன் வீட்டுப் பூஜை அறையை நினைத்தாரோ, ஒப்பந்த விதியை நினைத்தாரோ. பம்ப் ரீங்கரித்துக்கொண்டிருந்தது.

மத்தியானத்துக்குள் இரண்டு தாள்கள் தயாராயின. இயந்திரத்தில் கோளாறில்லை, ஒப்பந்தம் தொடரும் என்று ஒன்று. ஆய்வு அறையில் தீ ஏற்றியதற்கும் பொருளை அஜாக்கிரதையாக வைத்ததற்கும் விளக்கம் கேட்டு மேடத்துக்கு ஒன்று. இரண்டும் ஒரே பிரிண்டரில், ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே சூட்டோடு வந்தன. எங்களுடையதைக் காதர் வாங்கிக்கொண்டார்.

பதவி உயர்வு அந்த வருடம் வேறொருவருக்குப் போனது.

பிளாங்க்

குழு கிளம்பிய பிறகு பழைய குப்பிகளை மொத்தமாக அப்புறப்படுத்தினோம். டிராயரையே கழற்றி வெயிலில் போட்டோம். ஜன்னல்களைத் திறந்து வைத்தோம். இயந்திரத்தைச் சூடாக்கி, உள்ளே ஒட்டியிருந்ததை எல்லாம் விரட்டினோம். எங்கள் வேலை அதுதான். ஆனாலும் அன்றைக்கு என்னவோ, வீட்டுக்கு வந்த ஒருவரைக் கையைப் பிடித்து வாசல் வரை கொண்டுபோய் விடுவது போலிருந்தது.

மறுநாள் காலை புதுப் பெட்டியைப் பிரித்து, புதுக் குப்பியில் பிளாங்க் போட்டோம். மேடம் நாற்காலியில். நாங்கள் பின்னால், வெறுங்காலோடு.

கோடு கிளம்பியது. ஜெபமணி வாசலிலேயே நின்றாள். உள்ளே வரவில்லை.

"மேடம்," என்றாள். "நாந்தான வச்சேன். நீங்க எதுக்கு…"

மேடம் திரும்பினார். மேடு எழ வேண்டிய இடத்தைக் கோடு அப்போதுதான் நெருங்கிக்கொண்டிருந்தது.

"நீ சுத்தமான எடமாப் பாத்துத்தானே கண்ணு வெச்ச," என்றார். "போ, அந்தச் சாம்பிளெல்லாம் எடுத்துட்டு வா. பாவம், எத்தனை நாளாக் காத்துக் கெடக்குது."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அலமாரிப் பக்கம் போனாள். மேடம் அவள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்களும். திரையில் கோடு தரையோடு தரையாக அந்த இடத்தைக் கடந்து போனது. அறையில் யாரும் அதைப் பார்க்கவில்லை.